முப்பது துடிப்புக்கு

அவர் அனுப்பிய ஒன்பது படத்திலும்
மணி ஏழு இருபது.
சன்னல் வெளிச்சத்தில் ஏழு இருபது,
மேசை விளக்கடியில் ஏழு இருபது,
யாரோ ஒருவர் மணிக்கட்டில், பின்னால் சாப்பாட்டுத் தட்டோடு,
அப்போதும் ஏழு இருபது.

குதிரை விற்பவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன்.
ஒரே பக்கத்தைக் காட்டி நிறுத்தினால்
மறுபக்கம் போய் நிற்கவேண்டும்.
ஆகவே மோன்-குரோசன் மேட்டில்
காற்றாலைகளின் காலடியில் வண்டியை ஓட்டி
சேன்-இமியேவுக்கு இறங்கினேன்.

அர்மான் ஜொபென் கறுப்புத் துணி விரித்தார்.
பொத்தான்களைப் பாருங்கள், காளான் தலை.
நீலமுள்ளின் நுனியைப் பாருங்கள்,
முகப்பு விளிம்பில் சரிகிற இடத்தில் அதுவும் கூடவே குனிகிறது,
கோட்டுக்கும் முள்ளுக்கும் நடுவே கண் ஏமாறக் கூடாதென்று.
பார்த்தேன். உண்மைதான்.
தாழ்ந்த தொழுவ வாசலில் நுழையும்
நெட்டை ஆள் போல வளைந்திருந்தது.

வலது சிறுவட்டம் முப்பது நிமிடம் எண்ணும்.
அதில் மூன்று, ஆறு, ஒன்பதில் மட்டும் கோடு நீளம்.
தொலைபேசிக்கு, என்றார். அந்தக் காலக் கூண்டுகளில்
மூன்று நிமிடத்துக்கு ஒரு காசு.
யார் யாரோ அந்தக் கோடுகளுக்குள் சொல்லி முடித்திருப்பார்கள்.
பாதியில் அறுந்ததும் இருக்கும்.

முட்களை நகர்த்துங்கள், என்றேன்.
காபி குடிக்கிறீர்களா, என்றார்.
முட்களை நகர்த்துங்கள்.

திருகினார். குட்டை முள்ளும் நெட்டை முள்ளும் விலக
அடியில் இன்னொரு ஏழு இருபது,
தேயிலைக் கறை நிறத்தில், அசையாமல்.
முட்களில் ரேடியம் பூச்சு.
ஏதோ ஓர் இழுப்பறையில், எத்தனை வருடமோ,
இருட்டிலேயே தன் நிழலைச் சுட்டு வைத்திருக்கிறது.

ஏழு இருபதுக்கு என்ன நடந்தது?
ஒன்றும் நடந்திருக்காது.
யாரோ சாவி கொடுக்க மறந்தார்கள்.

முகப்பை மறுபடி அடித்துத் தரலாம், புத்தம் புதிதாக,
என்றார் ஜொபென், விலையில் எண்பது பிராங்கு இறங்கியபடி.
கறை இருக்கட்டும்,
எண்பது நூற்றைம்பதாகட்டும் என்றேன்.

எனக்கு வேண்டியது வெளிவட்டம்.
சிவப்பில், எறும்பு எழுத்தில்: முப்பது துடிப்புக்கு.
பொத்தானை அழுத்து, முப்பது எண்ணு, மறுபடி அழுத்து.
முள் நின்ற இடத்து எண்தான் நாடி.
இருநூறில் தொடங்கி இறங்குகிறது கணக்கு.
படபடக்கும் இதயங்களெல்லாம் தொடக்கத்தில்
சந்தை நாள் பேருந்து போல நெருக்கியடிக்க,
நிதானமானவற்றுக்கு ஆளுக்கொரு வயல்.
மனிதருக்கென்று போட்ட வட்டம்.
நலமான குதிரை
கடைசிக் கால்வட்டத்தில்தான் வந்து நிற்கும்.

மார்ச். இரவு இரண்டு மணி. லூசியேன் ஒப்ரியின் தொழுவம்.
சூலை.
மிராபெல் தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்,
அங்கிருந்து யாரோ கூப்பிடுவது போல.
தாடையடி நாளத்தில் மூன்று விரல்.
அழுத்தினேன். எண்ணினேன். அழுத்தினேன்.
நெட்டை நிழலைத் தொட்டு நின்றது நீலமுள்:
எண்பத்து நான்கு.

ஊசி. மூக்கு வழியாகக் குழாய், எண்ணெய். நடை, மறுபடி நடை.
ஒப்ரி என் முகத்தைப் பார்க்கவில்லை,
மணிக்கட்டையே பார்த்தார்.
மூன்றரைக்கு அறுபது.
முள் நேர் கீழே, இரண்டு கறைக்கும் நடுவில்,
எந்தப் பக்கமும் சொல்லாமல்.

ஐந்தேகாலுக்கு எண்ணியபோது
இருபத்தேழு, இருபத்தெட்டு,
முள் குட்டை நிழலையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது,
விரல் அவசரப்பட்டுவிடக் கூடாதே என்று மூச்சை அடக்கினேன்,
இருபத்தொன்பது,
முப்பது.
நாற்பத்து நான்கு.

மிராபெல் சாணி போட்டாள்.
ஒப்ரி தொப்பியைக் கழற்றினார்,
யாருக்கென்று தெரியாமல் திரும்பப் போட்டுக்கொண்டார்.

வண்டியில் உட்கார்ந்து சாவி கொடுக்கும்போதுதான் கவனித்தேன்,
நாளுக்குப் பதினொரு நிமிடம் பிந்துகிறது.
ஜொபென் அதைச் சொல்லவேயில்லை.
நானும் கேட்கவில்லை.